முப்பதடித் திரி

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனைக்குட்டம் அணைக்குக் கிழக்கே வடகரிசல்பட்டி. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். நாடு முழுக்கத் தீபாவளிக்கு வெடிக்கிற வெடியில் எங்கள் கை படாதது எதுவும் இருக்காது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். மறுத்துப் பேச ஊரில் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்ட பதினாறு பேர் சேர்ந்து ஒரு விறகடுப்பைப் பற்ற வைக்க நான்கு நாள் போராடினோம். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும்தான் சிரித்தேன், என்ன, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு சிரித்தேன்.

விஷயம் குதிரைவாலியில் ஆரம்பித்தது. எங்கள் கரிசல் மானாவாரி நிலம். ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் குதிரைவாலி நன்றாகவே வரும். விளைந்ததை விருதுநகரில் கொண்டுபோய்ப் போட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. "இதுக்கு எதுக்கு மெனக்கெட்டு" என்று ஒவ்வொரு வீடாக நிலத்தைப் பிளாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்க வேனில் ஏற ஆரம்பித்தார்கள். ரோட்டை ஒட்டிய நிலங்களில் வெள்ளைக் கல் முளைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் எங்கள் மகளிர் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஊர்க் குதிரைவாலி அத்தனையையும் நாங்களே வாங்குவது. அரைத்து, முறுக்கு சுட்டு, ஊர்ப் பெயரைப் போட்டு விற்பது. மகளிர் திட்ட ஆபீசில், ஒரு ஆபீசர் வந்து நாங்கள் சுடுவதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் அரவை மெஷினும் தருகிறோம் என்றார்கள். மூன்று நாள் விருதுநகரில் பயிற்சி. அங்கே கேஸ் அடுப்பில் ஆளாளுக்குச் சுட்டோம், நன்றாகவே வந்தது.

இடத்துக்கும் கஷ்டப்படவில்லை. ஊருக்குத் தெற்கே கனகசபாபதி முதலாளியின் சின்ன வெடி கம்பெனி ஒன்று இருந்தது. வயசாகிவிட்டது என்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். "சும்மாதான கெடக்கு. வச்சுப் பொழைச்சுக்கங்க தாயி" என்று சாவியைக் கொடுத்தார். தள்ளித் தள்ளி நான்கு ரூம், சுற்றிலும் காம்பவுண்டு, ஒரு வேப்பமரம். ரூம்களை மூன்று தடவை கழுவி, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தோம். சோதித்துப் பார்த்தவர்கள் வெடிமருந்து ஒரு துளிகூட இல்லை என்று எழுதியும் கொடுத்தார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் பெயர் முருகேஸ்வரி, குழுவுக்குச் செயலாளர். பதினேழு வருஷம் வெடி கம்பெனியில் வேலை பார்த்தேன். விட்ட அன்று ஃபோர்மேனிடம் பதினேழு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வந்தேன். இனி அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. என் வீட்டுக்காரர் சுடலை லாரி ஆபீசில் லோடுமேன். அவர் பெயரில் ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பிளாட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவார். அந்த டீயை நான்தான் போட வேண்டும்.

"ஏ பிள்ள, முறுக்கு சுட்டு நெலத்தக் காப்பாத்துன ஊரு எங்கயாச்சும் இருக்கா?" என்றார் சுடலை.

"இனிமே இருக்கும்."

"சரி, ஒண்ணு பண்ணு. வியாழக்கிழமை ஆபீசர் வர்றாகள்ல. அன்னைக்கு ஒங்க அடுப்பு எரிஞ்சு முறுக்கு வெந்துச்சுன்னா நெலம் இருந்துட்டுப் போகுது. இல்லைன்னா வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் அழக்கூடாது."

சரி என்றேன். அடுப்பு எரிவதும் ஒரு பேச்சா என்ற நினைப்பு எனக்கு.

திங்கட்கிழமை முதல் சூடு போட்டுப் பார்க்கலாம் என்று போனோம். கேட்டில் பஞ்சம்மாக்கா நின்றாள். அவள்தான் எங்கள் தலைவி. இருபத்திரண்டு வருஷம் இன்னொரு கம்பெனியில் கண்காணியாக இருந்தவள். கையில் ஒரு ஓலைக் கூடை.

"செல்லு, ஊக்கு, தீப்பெட்டி எல்லாத்தையும் இதுல போடுங்க. செருப்ப வெளிய விடுங்க."

"யக்கா, இது முறுக்குக் கம்பெனி" என்றேன்.

"கம்பெனின்னா கம்பெனிதான். ரூல்னா ரூல்தான். தலைய அவுத்துக் காட்டு, ஊசி வச்சிருக்கியா பாப்போம்."

இரும்புச் சட்டியை உள்ளே விடமாட்டேன் என்றாள். இரும்பு உரசினால் பொறி வருமாம். அடுப்பில் வைக்கப் போகிற சட்டியில் பொறி வந்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன், சட்டி உள்ளே வரவில்லை. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற பித்தளை உருளி வந்தது. கரண்டிக்குப் பதில் மூங்கில் குச்சி. ரூமுக்கு நாலு பேர்தான். ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும், உடம்பில் உள்ள கரண்டு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மாவு பிசைந்தவள், மாவைச் சுமந்தவள், சும்மா எட்டிப் பார்த்தவள் எல்லாரும் தொட்டார்கள். நானும் தொட்டேன். தொடாமல் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாவு தயார். எண்ணெய் ஊற்றியாயிற்று. விறகு அடுக்கியாயிற்று.

"பத்த வைங்கடி" என்றாள் பஞ்சம்மாக்கா.

அப்போதுதான் தீப்பெட்டி எல்லாம் கூடையில் இருப்பது ஞாபகம் வந்தது. ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்கள். குச்சியை எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டில் நாளைக்கு மூன்று தடவை அடுப்புப் பற்ற வைக்கிற கை இது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் சீரியல் பார்த்துக்கொண்டே பற்ற வைக்கும். ஆனால் அந்த ரூமுக்குள் தீக்குச்சியோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் முழங்கையிலிருந்து கீழே எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆகிவிட்டது. பயம்தான், வேறு என்ன. பஞ்சம்மாக்காவின் தங்கை ஒரு சித்திரை மாசம் வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவள் இருந்த ரூமும் இதே அளவு, இதே மாதிரி ஜன்னல்.  

"நீ குடு இங்கன" என்று மாடத்தி வாங்கினாள். ஊரில் யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள். தீப்பெட்டியை வாங்கினாள், அடுப்பைப் பார்த்தாள், தீப்பெட்டியை விறகின் மேல் மரியாதையாக வைத்தாள், வெளியே ஓடிப்போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து மற்ற எல்லாரும் ஓடினோம். அன்றைக்கு அவ்வளவுதான். மிஞ்சிய மாவை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். மிஞ்சின மருந்தை ராத்திரி ரூமில் விடக்கூடாது என்று பஞ்சம்மாக்கா அதைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றி மூடிவிட்டாள். நாலு படி மாவு.

செவ்வாய்க்கிழமை, ஆம்பளை ஒருத்தர் பற்ற வைத்தால் நமக்கும் பயம் தெளியும் என்று சுடலையையே கூப்பிட்டேன். எதிராளியிடம் உதவி கேட்பது எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"பொம்பளைக பதினாறு பேரு, ஒரு அடுப்பு" என்று சிரித்துக்கொண்டே ரூம் வாசல்வரை வந்தவர், செம்புத் தகட்டைப் பார்த்ததும் நின்றார். தொட்டார். அப்புறம் உள்ளே போகாமல் மறுபடியும் தொட்டார்.

"என்ன, போக வேண்டியதுதான?"

"நான் லோடுமேன் பிள்ள. லோடுமேன் மருந்து ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு ரூலு இருக்கு."

"மருந்து எங்க இருக்கு? மாவுதான இருக்கு."

"ரூலு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை ஆபீசருக்குப் போன் போட்டேன். பிரீத்திகா மேடம், சின்னப் பெண், நல்ல மாதிரி. "மேடம், வேப்பமரத்தடியில வச்சுச் சுட்டுக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"கூரையும் நாலு சுவரும் இருந்தாத்தான் ரிப்போர்ட்ல எழுத முடியும்க்கா. ஏன், என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். காத்து வாங்கலாமேன்னு கேட்டேன்."

கரண்டு அடுப்பு வைக்கலாம் என்றால், வெடி ரூமுக்கு எந்தக் காலத்திலும் கரண்டு இழுத்ததில்லை. சாயங்காலம்வரை எல்லாரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்றரை ஏக்கரில் வெள்ளைக் கல் நடுகிற சத்தமே காதில் கேட்டது.

அப்போது கற்பகவல்லி பேசினாள். மொத்தக் குழுவிலும் அதிகம் பேசாதவள். பதினெட்டு வருஷம் திரி உருட்டுகிற வேலை.

"கிட்டப் போயிப் பத்த வைக்கத்தான பயம். எட்டயிருந்து பத்த வைப்போம். திரி போட்டுருவோம்."

"முறுக்குச் சுடுற எடத்துல வெடித்திரியா? ரூலு என்னாவுறது?" என்றாள் பஞ்சம்மாக்கா.

"வெடித்திரி எதுக்கு? விளக்குத்திரி போதும்க்கா. பழைய நூல் சேலையக் கிழிச்சு முறுக்கி, கடலெண்ணெயில ஊறப் போட்டா நின்னு எரியும். அடுப்புல இருந்து கேட்டுக்கு வெளியவரை முப்பதடி."

பஞ்சம்மாக்கா விரல் விட்டு ஒவ்வொரு ரூலாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பற்ற வைப்பது எந்த ரூல்படியும் தப்பில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். ராத்திரிக்குள் நான்கு நூல் சேலை காலி. கற்பகவல்லி தொடையில் வைத்து உருட்டிய திரி நுனியிலிருந்து நுனிவரை ஒரே கனமாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பிரீத்திகா மேடம் இறங்கியதும் பஞ்சம்மாக்கா கூடையை நீட்டினாள்.

"வாங்க மேடம், நல்லா இருக்கீகளா. செல்லையும் வாட்சையும் இதுல போடுங்க. கொண்டையில என்ன இருக்கு?"

மேடம் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தார். பஞ்சம்மாக்கா அவர் சுடிதாரைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பாலியஸ்டர். இதோட உள்ள வரக்கூடாது."

"முறுக்கு தானேக்கா?"

"முறுக்குதான். ஆனா பாலியஸ்டர் ஆகாது."

கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து மேடம் பஞ்சம்மாக்காவின் கட்டம் போட்ட நூல் சேலையில், முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வந்தார். செம்புத் தகட்டைத் தொடச் சொன்னோம், தொட்டார். ரூமில் அடுப்பு, உருளி, மர அச்சு எல்லாவற்றையும் பார்த்தார். சுத்தம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரிக்கா, பத்த வைங்க. தீப்பெட்டி இல்லையா? டிரைவர்கிட்ட லைட்டர் இருக்கும், வாங்கிட்டு வந்து நானே வைக்கிறேனே."

அவர் சொல்லி முடிக்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். அரசாங்கத்து ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே இறக்கினோம். "மன்னிச்சுக்கங்க மேடம், பழக்க தோசம்" என்று மாடத்தி அவர் சேலையைச் சரிசெய்து விட்டாள்.

கற்பகவல்லி கேட்டுக்கு வெளியே குத்தவைத்துத் திரியின் நுனியைப் பற்ற வைத்தாள். எல்லாரும் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டோம். மேடமும் பொத்திக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

விளக்குத்திரி வெடித்திரி மாதிரி சீறிக்கொண்டு ஓடாது. ஆடி அசைந்துதான் போகும். இருபது நிமிஷம். இடையில் சுடலை வந்து வண்டியை ஓரமாகப் போட்டார். கூடவே பிளாட்டுக்காரர். இரண்டு பேரும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். தீ வேப்பமரத்தைத் தாண்டியது, ரூம் வாசலுக்கு வந்தது, அங்கே புஸ்ஸென்று அணைந்தது.

காரணம் பஞ்சம்மாக்கா. வெடி ரூம் வாசலை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்திருக்கிறாள். அடுப்புக்கு இன்னும் ஆறடி.

"போய்ப் பாப்போமா?" என்று மேடம் எழுந்தார்.

"ஒக்காருங்க மேடம். அணைஞ்ச திரிய நம்பக்கூடாது. அரை மணி நேரம் கிட்டப் போகப்படாது."

"அது சேலைத்துணிதானேக்கா?"

 எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு மேலிருந்து சுடலை குரல் கொடுத்தார்.

"ஏ பிள்ள, நாளைக்கு வெள்ளிக்கிழமைதான?"

பிளாட்டுக்காரர் சிரித்தார். என் வீட்டு டீயைக் குடித்த வாயால் சிரித்தார். எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம். கூடையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தேன், கேட்டைத் தாண்டி நடந்தேன். பின்னால் பஞ்சம்மாக்கா "முருகேசு, அரை மணி ஆகலைடி" என்று கத்தினாள். ரூம் வாசலில் உட்கார்ந்து முந்தானையால் ஈரத்தைத் துடைத்தேன். திரியின் காய்ந்த பக்கத்தை எடுத்து வைத்தேன். குச்சியை எடுத்தேன். ஒடிந்தது. இன்னொன்று, அதுவும் ஒடிந்தது. கை மறுபடியும் நின்றுவிடும்போல் இருந்தது.

அதனால் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்க்காமலே சுடலையைத் திட்ட ஆரம்பித்தேன். கல்யாணத்தில் அவர் மாமா சாம்பாரைக் குறை சொன்னதில் தொடங்கினேன். லோடு ஏற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டாடியது, போன வருஷம் விதைப்புக்குக் கூப்பிட்டபோது இடுப்பு வலி என்று படுத்தது, அன்றைக்கே கபடிப் போட்டிக்குப் போனது, அவர் அம்மாவும் அப்பாவும் கல் பொறுக்கிப் பண்படுத்திய மண்ணை டீ குடித்துக்கொண்டே விலை பேசியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வாய் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. குனிந்து பார்த்தால் திரி எரிகிறது.

ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஓடினேன். கேட்டைத் தாண்டி பிரீத்திகா மேடத்தின் மேலேயே விழுந்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். ரூமுக்குள் புகை வந்தது, அப்புறம் வெளிச்சம் தெரிந்தது. சத்தம் வரவில்லை. வரவே இல்லை. முதலில் காதிலிருந்து கையை எடுத்தவள் பஞ்சம்மாக்கா. எழுந்து, நிதானமாக நடந்து, செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எரியுதுடி. சும்மா எரியுது" என்றாள்.

கொஞ்ச நேரம் அவளை அழ விட்டோம். எனக்கும் அழுகை வந்தது. அப்புறம் எண்ணெய் காய்ந்துவிட்டதே என்று அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூமுக்கு நாலு பேருதான், மத்தவ வெளிய நில்லு" என்று விரட்டினாள்.

முதல் ஈடு கொஞ்சம் கருகியது. இரண்டாவது ஈடு நன்றாக வந்தது. பிரீத்திகா மேடம் நூல் சேலையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஏழு முறுக்கு தின்றார். ரிப்போர்ட்டில் 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'வேறெங்கும் கண்டதில்லை' என்று எழுதினார். அரவை மெஷின் அடுத்த மாதமே வந்துவிட்டது.

சுடலை ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே வழக்குப் பேசினார்.

"அடுப்பு எரியணும்னுதான் பேச்சு. திரி வச்சு எரிச்சா அது கணக்குல வராது."

"அப்ப நீ உள்ள போயி அணைச்சிட்டுக் கையால பத்த வையி. வா, தகட்டத் தொடு" என்றாள் பஞ்சம்மாக்கா.

அவர் முறுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பிளாட்டுக்காரர் அப்புறம் டீ குடிக்க வரவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது, விதைப்புக்குச் சுடலையும் வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

அடுப்பை இன்றைக்கும் திரி வைத்துத்தான் பற்ற வைக்கிறோம். ஆனால் கற்பகவல்லி மூன்று நாளைக்கு ஒரு தடவை யாருக்கும் சொல்லாமல் திரியை ஒரு சாண் குறைத்து வெட்டிக்கொண்டே வந்தாள். நாங்களும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டோம். தை மாசம் எங்கள் ஒன்றரை ஏக்கர்க் குதிரைவாலி வந்தபோது திரி ஒரு முழத்தில் நின்றது. சுடலையே மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார். அத்தனை வருஷம் லோடு தூக்கியதில் சொந்த லோடு அதுதான் முதல். கேட்டில் பஞ்சம்மாக்கா கேட்கும் முன்பே சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டார்.

அரைத்து, பிசைந்து, அச்சில் போட்டாயிற்று. கற்பகவல்லி ஒரு முழத் திரியைப் பற்ற வைத்ததும் வழக்கம்போல் எல்லாரும் சுவருக்குப் பின்னால் ஓடினார்கள். சுடலைதான் முதலில் ஓடினார்.

நான் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வேகப்போவது எங்கள் நிலத்துத் தானியம், அதை விட்டுவிட்டு எங்கே ஓட?